இருபது நொடி அம்மா

“அதுக்கு முன்னாடி பேசினதும் வேணும், பின்னாடி பேசினதும் வேணும். முழுசா கேட்கணும், சார்.”

இதைத்தான் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லியிருந்தார்கள். தாமதமாக வரலாம், ஹெட்செட்டை உடைக்கலாம், கழிவறையில் போய் அழுதுவிட்டு வரலாம். ஆனால் ஒரு துண்டைக் கேட்டபிறகு அதன் மிச்சத்தைக் கேட்கக் கூடாது. அது யாருடையது என்று கேட்கவே கூடாது.

எங்கள் டீம் லீடர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். வாயைத் திறந்தால் பாலிசி என்று ஆரம்பிப்பதால் அவருக்குப் பாலிசி என்றே பெயர் வைத்திருந்தோம். அவருக்கும் அது தெரியும். கொஞ்சம் பெருமைகூட.

“எந்தத் துண்டும்மா?”

“இப்ப பத்து நிமிஷம் முன்னாடி போனது. நான் நாலு போட்டுட்டேன்.”

“போட்டாச்சுன்னா போச்சு. திரும்ப வராது. உங்களுக்கே தெரியும்.”

“அது எங்கம்மா, சார்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெரிய கேம் கம்பெனி ஒன்று, விளையாடுகிறவர்கள் ஹெட்செட்டில் பேசுவதையெல்லாம் ஒரு மெஷினுக்குக் கொடுக்கிறது. மெஷினுக்கு எது உறுத்துகிறதோ அதை இருபது நொடியாக நறுக்கி எங்களுக்கு அனுப்புகிறது. நாங்கள் நாற்பது பேர், ஒரு ஹாலில், முதுகுக்கு முதுகு உட்கார்ந்து கேட்போம். கேட்டுவிட்டு ஒரு எண்ணை அழுத்த வேண்டும். ஒன்று என்றால் வசை. இரண்டு மிரட்டல். மூன்று ஆபத்து. நான்கு, ஒன்றுமில்லை. ஆள் அடையாளம் தெரியக் கூடாதாம், அதனால் குரலைக் குழைத்துத்தான் அனுப்புவார்கள். பெண் பேசினால் கட்டைக் குரலில் வரும், ஆண் பேசினால் மூக்கால் பேசுகிற மாதிரி வரும். அந்தரங்கத்தை எவ்வளவு மதிக்கிறோம் பார் என்று சேர்ந்த அன்றைக்கு ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். ஊரான் வீட்டுப் பேச்சைத் திருட்டுத்தனமாகக் கேட்பானேன், அப்புறம் அதற்கு முகமூடி போடுவானேன் என்று நான் கேட்டேன். அன்றிலிருந்து எனக்கும் ஒரு பெயர் உண்டு. வாய்.

ஒரு ஷிப்டில் ஆயிரம் துண்டு. பழகிவிட்டால் மூளைக்கு முன்னால் விரல் வேலை செய்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான். தண்ணீர் சலசலக்கிற சத்தம். ஒரு கட்டைக் குரல்.

“எங்கயும் இல்லடியம்மா. நான் எங்க போறது? போதும்னு இருக்கு. யார்கிட்டயும் சொல்லாம ஒருநாள் அப்படியே போயிடணும்னு இருக்கு. இவகிட்ட சொல்ல முடியுமா? சொன்னா கத்துவா.”

பின்னால், தூரத்தில், மூக்கால் இன்னொரு குரல். “இந்தா… இந்தா…”

“வரேன், வரேன். நீ எங்க எழுந்து ஓடிடப் போற? இரு.”

‘இன்றைக்கு’, ‘இப்போதே’ என்று வாய்விட்டுச் சொன்னால்தான் மூன்று. வெறுமனே அலுத்துக்கொண்டால் நான்கு. விரல் நான்கைத் தட்டிவிட்டது. அடுத்த துண்டில் எவனோ எவனையோ தாயைச் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தான். அதற்கு ஒன்று. அதற்கும் அடுத்த துண்டு பாதியில் இருக்கும்போதுதான் என் காதில் அந்த ‘இந்தா’ இறங்கியது.

அப்பா கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. இருந்த சொல்லையெல்லாம் அது வாரிக்கொண்டு போய், ஒரே ஒரு சொல்லை மட்டும் மிச்சம் வைத்தது. தண்ணீருக்கும் இந்தா, வலிக்கும் இந்தா, என் பெயரும் இந்தா. அம்மா பத்தொன்பது வருடம் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை பார்த்தாள். அதை விட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வேலைக்குப் போய்விடுவேன். வீட்டில் பேசத் தெரிந்த ஒரே ஆள் அவள், கேட்க ஆள் கிடையாது.

அந்த கேமை நான்தான் அவளுக்குக் காட்டினேன். ஒரு தீவு, ஒரு குளம், ஒரு படகு. மீன் பிடிக்கலாம், மரம் நடலாம், அவ்வளவுதான். படகுக்காரி ஒருத்தி உண்டு. பக்கத்தில் போனால், “இன்றைக்கு எங்கே போகணும்?” என்று கேட்பாள். வேறெதுவும் கேட்கத் தெரியாத பொம்மை. முதல் நாளே அம்மா அவளுக்குப் பதில் சொன்னாள். நான் சிரித்தேன். “சிரிக்காதடி பாப்பா, வாயத் தொறந்து கேக்குறா, மரியாதைக்காவது பதில் சொல்ல வேண்டாமா?” என்றாள். என் ஹெட்செட்டை மாட்டிக்கொள்வாள். தண்ணீர் சத்தம் நன்றாக இருக்கிறதாம், அப்பாவின் முனகல் கொஞ்சம் தள்ளிக் கேட்கிறதாம்.

எப்படி நடப்பது, எப்படித் தூண்டில் போடுவது, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். மைக்கை மூடுகிற பொத்தான் இடது காதுக்குக் கீழே இருக்கிறது. அதை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. தனியாக மீன் பிடிக்கிறவளுக்கு மைக் எதற்கு, அதை மூடுவது எதற்கு என்று இருந்துவிட்டேன். ஊரார் மைக்கையெல்லாம் திறந்துவைத்துக் கேட்டுப் பிழைக்கிற எனக்கு, என் வீட்டிலும் ஒரு மைக் திறந்திருக்கிறது என்று உறைக்கவில்லை.

இதையெல்லாம் பாலிசியிடம் ஒரே மூச்சில் கொட்டினேன். கொட்டியிருக்கக் கூடாது.

“அப்ப கணக்கு உங்க பேர்ல. விளையாடுறது அம்மா.”

“ஆமா.”

“தெரியாத மாதிரி இருந்திருக்கலாம்மா நீங்க.” அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். “இப்ப நான் எழுதியே ஆகணும். தெரிஞ்ச குரல் ஒண்ணு. கணக்கை அடுத்த ஆளுக்குக் கொடுத்தது ஒண்ணு. ரெண்டு மீறல்.”

“அடுத்த ஆளா? எங்கம்மா சார்!”

“பாலிசியில அம்மான்னு ஒரு இடம் இல்லம்மா.”

“சரி, என்னமோ எழுதிக்குங்க. மிச்சம் என்ன பேசினாங்கன்னு மட்டும் கேட்க விடுங்க. போயிடணும்னு சொல்றாங்க. எங்க போகணும்? எப்ப?”

“உங்க குரலா இருந்தா எழுதிக் கேக்கலாம், முப்பது நாள்ல கொடுப்பாங்க. இது உங்க குரல் இல்ல.”

“அம்மா எழுதிக் கேட்டா?”

“அம்மா பேர்ல கணக்கு இல்லையே. அவங்க நமக்கு வாடிக்கையாளரே கிடையாது.”

என் அம்மாவின் குரல் எனக்குச் சொந்தமில்லை. அவளுக்கும் சொந்தமில்லை. கேட்க ஆளில்லாத சொத்து, அதனால் அவர்களுடையது. நான் பட்டம் வாங்கியவள். எங்கள் வீட்டில் எந்தத் தாள் வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். ஆஸ்பத்திரித் தாள், வாடகைத் தாள், எல்லாவற்றையும் வரிவரியாகப் படித்து, இந்த இடத்தில் கையெழுத்துப் போடு, இந்த இடத்தில் போடாதே என்று சொல்கிறவள் நான். கேம் வாங்கும்போது வந்த நாற்பது பக்கத்தைப் படித்தேனா? இழுத்துக் கீழே தள்ளிவிட்டு ‘சம்மதம்’ என்று தட்டினேன். மீன் பிடிக்க அவ்வளவு அவசரம்.

இருக்கைக்கு வந்ததும் வேறொன்று நினைவுக்கு வந்தது. நான்கு போட்டாலும், போன துண்டில் துக்கம் இருந்தால் மெஷின் தானாகவே கணக்குக்காரருக்கு ஒரு மெயில் அனுப்பும். ‘நீங்கள் தனியாக இல்லை’ என்று தலைப்பு, உள்ளே ஒரு போன் நம்பர். அந்தத் தலைப்பை நான் பார்த்திருக்கிறேன். மதிய இடைவேளையில் போனை எடுத்து, அழித்த மெயில்களைத் தோண்டினேன். மூன்று இருந்தன, இரண்டு மாதத்தில். தள்ளுபடி விளம்பரம் என்று நினைத்து மூன்றையும் திறக்காமலே அழித்திருக்கிறேன்.

பக்கத்து இருக்கையில் கண்ணாடி அக்கா. இரண்டு கண்ணாடி வைத்திருப்பாள், திரைக்கு ஒன்று, மனிதர்களுக்கு ஒன்று. மனிதர்களுக்கானதை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“என்னடி வாய், மூஞ்சி செத்துக் கெடக்கு?”

சொன்னேன்.

“சமையல்ல உப்புப் போட மறந்துட்டேன்னு ஒரு குரல் தன்னையே திட்டிக்கிட்ட துண்டு ஒண்ணு போன மாசம் வந்துச்சு. ஒருத்தர் இந்தா இந்தான்னாரு. எனக்கு என்ன தெரியும்? சிரிச்சிட்டு நாலு போட்டேன்.” பிறகு மெதுவாக, “அது உங்க வீடாடி?” என்றாள்.

நான் அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு ஓடினேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எனக்குக் கோபம் வந்தால்தான் கொஞ்சம் தெளிவு வரும், அதனால் கோபத்தை வேண்டுமென்றே கிளறிக்கொண்டேன். சின்ன வயதில் கேம் என்றால் ஒரு சிடி தட்டு. கீறல் விழும், துடைத்துப் போடுவோம். தோழிக்கு இரவல் கொடுப்போம், அவள் திருப்பித் தரமாட்டாள், சண்டை போடுவோம். அது என் பொருள். என் பொருள் என்றால்தானே திருட்டுப்போகவாவது முடியும். இப்போது பொத்தானில் ‘வாங்கு’ என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் வாங்கினால் கிடைப்பது அனுமதி. போன வருடம் நான் ஆசையாக விளையாடிய கார்ப் பந்தயம் ஒருநாள் காலையில் பட்டியலிலேயே இல்லை. கேட்டதற்கு, உரிமம் முடிந்துவிட்டது, புரிதலுக்கு நன்றி என்றார்கள். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை, நன்றி மட்டும் வந்துவிட்டது. ஒரு பொம்பளை குளத்தங்கரையில் தனியாக உட்கார்ந்து மீன் பிடிக்க எதற்கு இன்டர்நெட்? மீனுக்கு வேண்டுமா? எங்களுக்குத்தான் வேண்டும். கேட்க.

வீட்டுக் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. அப்பா கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா உயிரோடு, முழுசாக, டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். என் ஹெட்செட் தலையில், கன்ட்ரோலர் மடியில்.

திரையில் குளம் இல்லை. சாம்பல் நிறத்தில் நான்கு வரி. இந்தக் கணக்கு விதிமீறல் காரணமாக முடக்கப்பட்டுள்ளது.

“வந்துட்டியா பாப்பா? நேரத்தோட வந்துட்ட? இத பாரேன், நான் என்னத்தையோ தப்பா அழுத்திட்டேன்போல. பாதி மீன் மேல வந்துச்சு, பட்டுனு போயிடுச்சு.”

பாலிசி அதற்குள் எழுதிவிட்டார். சுறுசுறுப்பான மனிதர்.

“நீ ஒண்ணும் அழுத்தலம்மா.”

“இல்லடி, இந்த வட்டத்த அமுக்கினேன். உன்னோட மத்த விளையாட்டெல்லாமும் போயிடுச்சா? முப்பது வச்சிருந்தியே. ஐயோ, சும்மா கெடந்தத நோண்டி…”

மன்னிப்புக் கேட்கிற குரல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மெதுவாகச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, என்ன கஷ்டம் என்று முதலில் கேட்டிருக்கலாம். எனக்கு அதெல்லாம் வருவதில்லை.

“நீ பேசினதையெல்லாம் கேக்குறாங்கம்மா! அந்தக் காதுல மாட்டிட்டு நீ பேசின ஒவ்வொண்ணையும்! நீ பாட்டுக்குப் போறேன் வரேன்னு…”

“யாரு கேக்குறா?”

“நாங்கதான்.”

அம்மா ஹெட்செட்டைக் கழற்றினாள். கழற்றியதைக் கையில் வைத்து, மைக் நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தைப் பார்த்தாள். விரலால் தொடவில்லை.

“நீயுமா?”

“இன்னிக்குத்தான். இருபது நொடி.”

“என்ன சொன்னேன்?”

“போதும்னு இருக்குன்னு சொன்ன. யாருக்கும் சொல்லாம போயிடணும்னு.”

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். தூங்கிக்கொண்டிருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நம்பமாட்டீர்கள், சிரித்தாள்.

“அது சும்மாடி. மீன் கடிக்கல, அந்தக் கடுப்பு.”

“அம்மா, மிச்சம் என்ன சொன்ன? மூணு தடவ முன்னாடியும் சொல்லியிருக்க. என்கிட்ட சொல்லு. நான் கத்தமாட்டேன்.”

“இப்பவே கத்துற.”

கத்திக்கொண்டுதான் இருந்தேன். அப்பா விழித்துக்கொண்டு “இந்தா?” என்றார், கேள்வியாக.

அம்மா எழுந்தாள். ஹெட்செட்டின் ஒயரை நான்காக மடித்து, அதன் பழைய அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து, உள்ளே வைத்து மூடினாள். “எத்தனை பேரு இருப்பீங்க?” என்று முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

“நாற்பது.”

“ஆம்பளைங்களும் இருக்காங்களா?”

“இருக்காங்க.”

அவள் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் உள்ளே தள்ளிவைத்தாள்.

மறுநாளிலிருந்து அம்மா மாறிவிட்டாள். சண்டை, அழுகை எதுவும் கிடையாது. சாப்பிட்டியா என்பாள், வந்துட்டியா என்பாள். ‘டி’ போய்விட்டது. அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது பாரம் தாங்காமல் ஏதாவது வைவாளே, அதுவும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு செய்தாள். என் போன் மேசைமேல் இருந்தால் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். பொம்மையிடமாவது பேசிக்கொண்டிருந்தவள். உண்மையைச் சொல்லி அந்த வாயையும் அடைத்துவிட்டு, “பேசும்மா, பேசும்மா” என்று அவள் பின்னாலேயே சமையலறைக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் நேரம் வாங்கினேன். “எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன். அவங்களும் எழுதி வச்சுக்குவாங்க” என்றாள்.

நான்காம் நாள் ஆபீஸில் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறை. பாலிசியும், மேலே இருந்து வந்த மேடமும். மேடம் அன்பானவர், அதற்காகவே அனுப்பியிருப்பார்கள். எனக்குத் தண்ணீர் நகர்த்தி வைத்தார்.

“உங்க வேதனை புரியுதும்மா. கணக்கைத் திறந்து கொடுத்துடறோம். எல்லா கேமும் அப்படியே இருக்கும். அம்மா நட்ட மரம்கூட. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடணும்.”

தாளை வரிவரியாகப் படித்தேன், இந்த முறையாவது. எந்தக் குரலும் எனக்கு அடையாளம் தெரியவில்லை, தெரிந்ததாகச் சொன்னது வேலைக் களைப்பால் என்று இருந்தது.

“அம்மா பேசினதையெல்லாம் அழிச்சுடுவீங்களா?”

“துண்டுகளை அழிச்சிடலாம். ஆனா மெஷின் அதைக் கேட்டுப் படிச்சு முடிச்சிருக்கும். மாவுல கரைஞ்ச உப்பைத் தனியா எடுக்க முடியுமா, சொல்லுங்க.”

மேடத்துக்குப் போன் வந்தது. வெளியே போனார். பாலிசி கதவைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

“கையெழுத்துப் போடுங்கம்மா. அம்மாகிட்ட, எல்லாம் சரி பண்ணியாச்சு, இனிமே யாரும் கேக்கமாட்டாங்கன்னு சொல்லுங்க. மைக்கை மட்டும் மூடாதீங்க. உங்க கணக்குல வர்ற துண்டெல்லாம் உங்க வரிசைக்கே வர்ற மாதிரி நான் பாத்துக்கறேன். வேற யார் காதுக்கும் போகாது. அவங்க மனசுல என்ன ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியும். நேரத்துக்கு ஓடலாம்ல?” பேனாவை என் பக்கம் நகர்த்தினார். “எனக்கும் ஒரு அம்மா இருந்தாங்க.”

எழுதிவைத்திருக்கிற விதியை அந்த மனிதர் மீறி நான் பார்த்தது அது ஒன்றுதான். எனக்காக.

நான் பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். பொய் சொல்லவில்லை, எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. வேறு எப்படி எனக்குத் தெரியப்போகிறது? என் முகத்தைப் பார்த்து அவள் சொல்லப்போவதில்லை. குளத்தங்கரையில் உட்கார்ந்து, எவருமில்லை என்று நம்பி, அவள் படகுக்காரியிடம் சொல்வாள். நான் இங்கே முதுகுக்கு முதுகு உட்கார்ந்து, கட்டைக் குரலில் அவளைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சாயங்காலம் வீட்டுக்குப் போய், ஒன்றும் தெரியாத மாதிரி, சாப்பிட்டாயா அம்மா என்பேன். அவளுக்கு ஆபத்து எவ்வளவு என்று நானே எண் போடுவேன். மெஷினுக்கு எது உறுத்தவில்லையோ அது எனக்கும் வராது.

‘நீயுமா’ என்று கேட்டாளே.

பேனாவை மூடித் தாள்மேல் வைத்தேன்.

“என்னம்மா?”

“வேண்டாம், சார்.”

“கணக்கு போயிடும். முப்பது கேமும்.”

“போகட்டும்.”

“யோசிங்க. இந்த வேலையும்…”

“அதையும்தான் சொல்றேன்.”

கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை, மேசைமேல் வைத்தேன். வெளியே வரும்போது மேடம் போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்துப் புன்னகைத்தார், கையெழுத்து ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். ஹாலில் முப்பத்தொன்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி அக்கா திரைக்கான கண்ணாடியில் இருந்ததால் நான் போவது அவளுக்குத் தெரிந்திருக்காது.

லிஃப்டுக்கு நிற்கவில்லை, படியில் இறங்கினேன். இனிப் பகலெல்லாம் வீட்டில் இருப்பேன். அப்பாவைப் புரட்டிப் படுக்கவைப்பேன். அம்மா என்னிடம் சொல்லமாட்டாள், இன்றைக்கும் சொல்லமாட்டாள், எந்த நாளில் சொல்வாள் என்றும் தெரியாது, அந்த நாள் வருமா என்றும் தெரியாது. கத்தாமல் இருக்க எனக்குத் தெரியாது.

வாசலில் காவலுக்கு நிற்பவர் பையைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன்.

“என்னம்மா, பாதி நேரத்துல கிளம்பிட்டீங்க? திரும்ப வருவீங்கள்ல?”

“இல்ல அண்ணே,” என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தேன்.